இடக் கண்ணில் ஒதுங்கிய வெளிச்சப் பொட்டு

எங்கள் வேலைத்தலத்தில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு, பொம்மைக் கண்களைச் சோடி பார்க்கும் விதத்தை யாராவது எழுதித் தந்தால் நல்லது என்று மேற்பார்வையாளர் கமலா அக்கா சொன்னார். "நீதானே ஏ.எல். படிச்ச. நீயே எழுது" என்று, உயர்தரம் வரை படித்த என் தலையில் கட்டினார். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். வேலையை மட்டும் எழுதப் போனால் என் மகள் ஹனாவின் இடது கண் நடுவில் வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் பாதி பொய் போல இருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். வேலை விபரம் மட்டும் போதும் என்பவர்கள் முதல் இரண்டு பகுதிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். கைப்பிள்ளை உள்ளவர்கள் மிச்சத்தையும் வாசியுங்கள்.

1. திரும்பி வந்த பெட்டி

நான் மருதமுனையில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். சுனாமியில் உம்மா போனார். வீடும் வீட்டிலிருந்த இரண்டு தறிகளும் போயின. வாப்பாவும் நானும் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்து அங்கே போன பிறகு, ஒரு உதவி நிறுவனம் பெண்களுக்குக் கைத்தொழில் பயிற்சி தந்தது. பழைய நெசவு மண்டபம் ஒன்றைத் திருத்தி அதில் பொம்மைக் கண் செய்யும் வேலை தொடங்கினார்கள். பொம்மை என்றால் சின்னப் பிள்ளைகள் போட்டு இழுக்கும் பொம்மை இல்லை. ஒரு சாண் உயரம்கூட வராத, அசல் மனிதரைப் போன்ற பொம்மைகள். வெளிநாட்டில் பெரியவர்கள் வாங்கிக் கண்ணாடி அலுமாரியில் சேர்த்து வைப்பார்களாம். தலையும் உடம்பும் கொழும்பில். எங்களிடம் கண் மட்டும். ஒரு கண் மிளகளவு இருக்கும்.

பெட்டியில் பொலிமர் களி என்று எழுதியிருந்தாலும் நாங்கள் 'க்ளே' என்றுதான் சொல்வோம். வெள்ளை க்ளேயை அப்படியே உருட்டினால் கண் அவித்த முட்டை போல இருக்கும். அதனால் அதில் பாதிக்குப் பாதி, வெளிச்சம் ஊடுருவும் கண்ணாடி க்ளே சேர்த்து, ஊசி முனையளவு மஞ்சளும் கலந்து பிசைய வேண்டும். கருவிழிக்கு மண்ணிறத்தில் மூன்று ஷேட் எடுத்து, ஆப்புப் போல வெட்டி, வட்டமாக அடுக்கி ஒரு ரோல் செய்ய வேண்டும். அந்த ரோலை மெல்ல மெல்ல உருட்டி நீட்டினால், உள்ளே இருக்கிற கோலம் கலையாமல் ஈர்க்களவுக்குச் சுருங்கி வரும். பிளேட்டால் தாள் போல நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு வெள்ளை உருண்டையில் ஒட்டி, நடுவில் கறுப்புக் கண்மணி. பிறகு ஓட்டுத் துண்டில் வைத்து நூற்று முப்பது பாகையில் ஓவனில் சுடுவது. ஆறியதும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு வெளிச்சப் பொட்டு. கடைசியில் இரண்டு பூச்சு வார்னிஷ்.

வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் க்ளே வெண்ணெய் போல இளகும். பிரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும். யன்னலைத் திறந்தால் தூசி ஒட்டும். மூடினால் வேர்வை. அதைவிடப் பெரிய தொல்லை, மண்டபத்தின் கூரை மரங்களில் வருடக் கணக்காகப் படிந்திருந்த நூற்பஞ்சு. எவ்வளவு கூட்டினாலும் விழும். ஒருநாள் என் வெள்ளை உருண்டையில் சிவப்புப் பஞ்சு இழை ஒன்று ஒட்டி, அதைக் கவனிக்காமல் சுட்டுவிட்டேன். ஏச்சு விழப் போகிறது என்று நினைத்தேன். கமலா அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண் நரம்பு மாதிரியே இரிக்கு. இனி எல்லாத்திலயும் போடு" என்றார். இன்றுவரைக்கும் எங்கள் கண்களில் நரம்பு என்பது ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாறன் நூலின் சிவப்புப் பஞ்சுதான்.

ஆனால் நான் முதன்முதலில் தனியாகச் செய்துகொடுத்த பெட்டி முழுவதும் கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. இருநூறு சோடி. காரணம் எழுதவில்லை. ஒரு பொம்மைத் தலையில் இரண்டு கண்களைப் பொருத்தி, பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போல உள்ளே வைத்திருந்தார்கள்.

கமலா அக்கா அந்தத் தலையைக் கையில் தூக்கிப் பிடித்தார். அவர் பாண்டிருப்பில் மீன்பிடிக் குடும்பத்துக்காரர். சத்தம் போட்டு ஏசமாட்டார். இழுத்து இழுத்துக் கேட்பார்.

"இவ மூக்குத்தியத் துலைச்சிட்டாளா புள்ள? ரெண்டு கண்ணும் மூக்கையே தேடுது?"

என் பக்கத்து மேசை ஜெஸீமா, "கொழும்புப் பொம்ம மூக்குத்தி போடாதேக்கா" என்றாள். மண்டபமே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

நான் செய்த பிழை இதுதான். இடக் கண்ணில் பொட்டை இடப் பக்கமும் வலக் கண்ணில் வலப் பக்கமும் வைத்திருந்தேன். பொட்டு காதுப் பக்கம் ஒதுங்கினால் கண் மூக்குப் பக்கம் திரும்பினது போலத் தெரியும். சேலையின் இரண்டு கரைகளும் ஒன்றை ஒன்று பார்த்தபடி எதிரும் புதிருமாக வர வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே தறியில் பழகிய கை. சோடி என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன். பக்கத்தில் நெசவுக் குடும்பத்துப் பெண்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களிலும் ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

கமலா அக்கா என்னை யன்னலுக்கு நேரே இருத்தி, ஜெஸீமாவின் கண்களைப் பார்க்கச் சொன்னார். அவளுடைய இரண்டு கண்களிலும் யன்னல் ஒரே இடத்தில், ஒரே பக்கமாக மின்னியது.

"ரெண்டு கண்ணுக்கும் ஒரு யன்னல்தான் புள்ள. ஆளுக்கொரு யன்னல் இல்ல" என்றார்.

புதியவர்கள் இதை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். கடிகாரத்தில் பத்து மணி எங்கே இருக்குமோ அந்த இடத்தில், இரண்டு கண்ணுக்கும் ஒன்றுபோல. பொட்டு அரை நூலளவு விலகினாலும் பார்வை விலகிவிடும். விலகினதை ரிஜெக்ட் டப்பாவில் போடுங்கள். யோசிக்க வேண்டாம்.

2. கண் செய்யலாமா?

கல்யாணம் முடிந்து சில மாதத்தில் என் கணவர் இதைக் கேட்டார். அவர் சாய்ந்தமருதைச் சேர்ந்தவர். எங்கள் வழக்கப்படி கல்யாணத்தோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். மாவடிப்பள்ளியில் வயல் செய்கிறார். "உருவம் செய்யிற ஹறாம், மார்க்கத்தில கூடாது எண்டு சொல்றாங்களே. நீங்க கண்ணத்தானே செய்யிறீங்க. கண் இல்லாட்டி உருவமே இல்லியே" என்றார். ஏசிக் கேட்கவில்லை. அவருக்கும் தெரியாமல்தான் கேட்டார்.

எனக்கு அன்றிலிருந்து தூக்கம் குறைந்தது. அவரே ஒரு மௌலவியிடம் போய்க் கேட்டுவந்தார். விளையாட்டுப் பொம்மை என்றால் பரவாயில்லை என்றாராம். ஆனால் இவை விளையாட்டுப் பொம்மைகள் இல்லையே, கண்ணாடி அலுமாரியில் வைக்கிறவை அல்லவா, அதைச் சொல்லிக் கேட்டீர்களா என்று நான் திரும்பக் கேட்டேன். "அத நான் சொல்லல்ல. இன்னொருக்காப் போய்க் கேக்க வெக்கமா இரிக்கி" என்றார். அந்தக் கேள்வி அப்படியே பாதியில் நின்றது.

மண்டபத்தில் நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசாமலே ஒரு வழி வைத்திருந்தோம். கண் செய்வோம், சோடி சேர்ப்போம். கொழும்பிலிருந்து வந்த அந்தத் தலையில் பொருத்திப் பார்க்க வேண்டி வந்தால் அதைக் கமலா அக்காவிடம் கொடுத்துவிடுவோம். அவரும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொள்வார். ஒருநாள் மட்டும், "எங்கட கோயில்லயும் சிலைக்குக் கண் திறக்கிறத்துக்கு ஒரு நாள், ஒரு நேரம், ஒரு ஆள் எண்டு இரிக்கு. கண் எண்டா எல்லாருக்கும் பயந்தான்" என்றார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

3. மேசை விளக்கு

ஹனா பிறந்து நாலு மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். உம்மா இல்லாத எனக்கு, பிள்ளையைக் கொண்டுவரலாம் என்று கமலா அக்கா சொன்னது பெரிய உதவி. மண்டபத்தின் கோடியில், கூரை மரத்தில் மூன்று ஏணைகள் தொங்கும். யாருடைய பிள்ளை அழுதாலும் கிட்ட இருப்பவர் ஆட்டிவிடுவார்.

அவளுக்குப் பத்து மாதமாக இருந்தபோது ஒரு மத்தியானம் மழை இருட்டு. மேசை விளக்கைப் போட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டு, முடிந்த சோடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய கண்களில் விளக்கு தெரிந்தது. வலக் கண்ணில் பொட்டு கண்மணியின் நடுவில் இருந்தது. இடக் கண்ணில் காதுப் பக்கமாக ஒதுங்கி நின்றது.

என் கை தானாக ரிஜெக்ட் டப்பாப் பக்கம் போனது. என்ன செய்கிறேன் என்று தெரிந்ததும் கையை இழுத்துக்கொண்டேன்.

விளக்கை அப்பால் வைத்தேன், இப்பால் வைத்தேன். பிள்ளையின் தலையை நேராகப் பிடித்தேன். பொட்டு ஒதுங்கியே நின்றது. பிறகு ஜெஸீமாவின் மகனைத் தூக்கிப் பார்த்தேன். அவனுக்கு நேராக இருந்தது. வீட்டுக்குப் போய் என் கணவரை நிற்கவைத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். அவருக்கும் நேர். கண்ணாடியில் என்னையும் பார்த்தேன். எனக்கும் நேர்தான்.

ஹனாவைச் சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண் கோணலாக இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பொட்டு மட்டும்தான் சொன்னது. அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஜெஸீமாவிடம் சொன்னேன். "ஒனக்குக் கண் செஞ்சு செஞ்சு கிறுக்குப் புடிச்சிட்டுகா. நேத்து நானும் மீன் வாங்கப் போய் மீன்ட கண்ணச் சோடி பாத்தன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்ததும் மனது லேசானது. அந்த லேசு எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

4. சண்டை முடியட்டும்

கணவரிடம் சொன்னபோது அவர் தட்டிக்கழிக்கவில்லை. "மட்டக்களப்புலதான் கண் டொக்டர் இரிக்காரு. கைப்புள்ளையோட ஒவ்வொரு செக்பொயின்ட்டுலயும் எறங்கி ஏறி எப்பிடிப் போற? வடக்குல நடக்கிற சண்ட முடியப் போகுது எண்டு சொல்றாங்க. முடியட்டும், ரோட்டு சரியாகட்டும், போவம்" என்றார்.

அது நியாயமாகத்தான் இருந்தது. அந்த மாதங்களில் எல்லாரும் எல்லாவற்றையும் அப்படித்தான் தள்ளிவைத்தார்கள். வீட்டுக்குப் பூச்சுப் பூசுவது, தங்கச்சிக்குக் கல்யாணம் பேசுவது, எல்லாமே சண்டை முடிந்த பிறகு. நான் பிள்ளையின் கண்ணையும் அந்தப் பட்டியலில் போட்டேன்.

கணவரின் உம்மா வெள்ளிக்கிழமைகளில் சாய்ந்தமருதிலிருந்து வருவார். மாமியிடம் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை நான் டோர்ச் அடித்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டார். என்னவென்று கேட்டார். சொன்னேன்.

மாமி ஹனாவைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டார். பிறகு, "வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு நீ என்ன செஞ்ச மனே?" என்று, பிள்ளைகளைக் கூப்பிடும் அதே செல்லத்தோடு கேட்டார்.

"வேலைக்குப் போனன் மாமி."

"என்ன வேல?"

நான் டோர்ச்சை அணைத்தேன்.

"கண்ணு செஞ்ச. படச்சவன்ட வேலைய நீ செஞ்ச. நான் ஏசல்ல மனே. நீயே யோசிச்சுப் பாரு."

அவர் ஏசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். யோசிக்கச் சொன்னதால் யோசித்தேன். அடுத்த நாளே வேலைக்குப் போவதை நிறுத்தினேன். கணவர் போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. தொழுதுவிட்டு, இந்த வேலையை விட்டுவிட்டேன், பிள்ளையின் கண்ணைச் சரியாக்கிவிடு என்று அழுவேன். பிறகு டோர்ச்சை எடுத்துப் பார்ப்பேன். ஒருநாள் சரியாகிவிட்டது போல இருக்கும். அடுத்த நாள் பழையபடி ஒதுங்கி நிற்கும். பிள்ளை டோர்ச்சைக் கண்டாலே முகத்தைத் திருப்பப் பழகிவிட்டாள்.

நான் வீட்டில் இருந்த நாட்களில் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். கல்முனைப் பக்கம் பட்டாசுச் சத்தம் கேட்டது. கணவர் வந்து, "இனிப் போகலாம்தானே" என்றார். நான்தான் இந்தத் தடவை, "இன்னும் கொஞ்சம் பாப்பம் மச்சான்" என்றேன். டொக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னால் நான் கிறுக்கி. இருக்கிறது என்று சொன்னால் மாமி சொன்னது சரி. இரண்டில் எதைக் கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

5. கமலா அக்காவின் செக்கிங்

நான் வேலையிலிருந்து நின்று ஐந்தாவது வாரம் கமலா அக்கா வீட்டுக்கு வந்தார். வேலைக்குக் கூப்பிட வந்திருக்கிறார் என்று நினைத்து, மறுப்புச் சொல்ல வார்த்தைகளைத் தயாராக்கி வைத்தேன். அவர் வேலையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"ஜெஸீமா சொன்னாள். புள்ளையத் தா" என்றார்.

யன்னலுக்கு நேரே கதிரையைப் போட்டு, ஹனாவை மடியில் இருத்தி, தன் கைப்பையிலிருந்து சின்ன டோர்ச்சை எடுத்தார். மண்டபத்தில் சோடி பார்க்கும் அதே டோர்ச். பிள்ளை முகத்தைத் திருப்பியதும் வளையலைக் குலுக்கிக் காட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள். கமலா அக்கா ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, எங்கள் பெட்டிகளைப் பார்ப்பது போலவே பார்த்தார்.

"எப்ப கண்ட?"

"பத்து மாசத்துல."

"இப்ப?"

"பதினேழு."

டோர்ச்சை அணைத்தார். "இத நான் பாஸ் பண்ண மாட்டன் புள்ள" என்றார். பிறகு குரல் மாறியது. "ஏழு மாசமா இதக் கையில வெச்சிக்கிட்டு என்ன பாத்துக்கொண்டு இருந்த?"

மாமி சொன்னதைச் சொல்லி அழுதேன். கமலா அக்கா கேட்டு முடித்தார்.

"உங்கட மார்க்கத்தில எனக்குக் கதைக்க ஏலாது. உன்ட மாமி சொன்னது சரியோ பிழையோ, அத நீ ஆறுதலா யோசி. ஆனா மாறுகண் உள்ள புள்ளைகள் எங்கட ஊரிலயும் இரிக்குதுகள். அதுகளிட தாய்மார் ஆரும் கண் செய்யல்ல. மீன்தான் வெட்டினாளுகள். நாளைக்குக் காலம முதல் பஸ். நானும் வாறன்."

6. மட்டக்களப்பு

கணவர், நான், கமலா அக்கா, ஹனா. செக்பொயின்ட்கள் இருந்தன. ஆனால் இறக்கவில்லை, கை காட்டி விட்டுவிட்டார்கள்.

டொக்டர் முதலில் ஹனாவின் இடக் கண்ணைத் தன் உள்ளங்கையால் மறைத்தார். அவள் பேசாமல் மேசையிலிருந்த மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலக் கண்ணை மறைத்தார். அவள் வீரிட்டு அழுது அவருடைய கையைப் பிடுங்கித் தள்ளினாள். திரும்பவும் இடக் கண்ணை மறைத்தார். பேசாமல் இருந்தாள். வலக் கண்ணை மறைத்தார். அழுதாள். அவர் ஒன்றும் சொல்லுவதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. இடக் கண் அவளுக்கு வேலை செய்யவில்லை. அதனால்தான் அதை மறைத்தால் அவளுக்குக் கவலையில்லை.

"கண் கொஞ்சந்தான் உள்ள திரும்பி இருக்கு. ஆனா பார்வை மங்கிப்போச்சு. மூளை அந்தக் கண்ணைச் சேர்க்காம விட்டுட்டுது" என்றார் டொக்டர். "இவ்வளவு சின்னத் திரும்பல் வீட்டுல இருக்கிற ஆக்களுக்குத் தெரியாது. ஆர் கண்டுபிடிச்சது?"

கமலா அக்கா என்னைக் காட்டினார். எப்படி என்று டொக்டர் கேட்டார். பொம்மைக் கண் செய்வதையும் வெளிச்சப் பொட்டையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் டோர்ச்சை எடுத்து ஹனாவின் கண்ணில் அடித்து, "நாங்களும் முதல்ல இதைத்தான் பார்ப்பம்" என்றார்.

நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். வயிற்றில் இருந்தபோது நான் செய்த வேலையால் வந்ததா?

"இல்ல. உங்கட குடும்பத்திலயோ அவர்ட குடும்பத்திலயோ ஆருக்கும் சின்ன வயசில கண்ணாடி, மாறுகண் இருந்ததா?"

கணவர் கொஞ்சம் யோசித்தார். "எங்கட உம்மாக்கு ஒரு கண் சரியாத் தெரியாது. சின்ன வயசில இருந்தே அப்பிடித்தான் எண்டு சொல்லுவாங்க" என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். கமலா அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கண்ணாடி தந்தார்கள். நல்ல கண்ணான வலக் கண்ணை நாளைக்கு ஆறு மணித்தியாலம் ஒட்டி மறைத்து, இடக் கண்ணைப் பார்க்கப் பழக்கச் சொன்னார்கள். கேட்க லேசாக இருக்கும். தெரிகிற கண்ணை மூடிவிட்டு, தெரியாத கண்ணோடு ஒரு குழந்தையை விடுவது. முதல் நாட்களில் அவள் சுவரில் போய் முட்டுவாள். என்னைக் கூப்பிட்டு வேறு பக்கம் கையை நீட்டுவாள். ஒட்டியதைப் பிய்ப்பாள். நான் திரும்ப ஒட்டுவேன். பாவம் பார்த்து எடுத்துவிடலாமா என்று ஒரு நாளில் பத்துத் தடவை தோன்றும். எடுக்கவில்லை. அந்த ஒரு விடயத்தில் மட்டும் நான் தடுமாறவில்லை.

மாமியிடம் கணவரே போய்ச் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை மாமி வந்து ஹனாவைத் தூக்கி, கண்ணாடியை மெல்ல நேராக்கிவிட்டு, "எனக்கு அந்தக் காலத்துல ஆருமே பாக்கல்ல மனே" என்றார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு மருமகளையும் அவளுடைய கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். "இந்தப் புள்ளட பொட்டயும் ஒருக்காப் பாரு" என்றார். நான் மறுத்தேன். நான் டொக்டர் இல்லை மாமி என்றேன். "பாக்கிறத்துக்கு என்ன? பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு" என்றார். பார்த்தேன். நேராக இருந்தது. நேராக இருந்தாலும் ஒருமுறை டொக்டரிடம் காட்டுங்கள் என்றுதான் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன். யாருடைய பிள்ளைக்கும் 'ஒன்றுமில்லை' என்ற சொல்லை நான் சொல்லமாட்டேன்.

வேலைக்குத் திரும்பினேன். கண் செய்யலாமா என்ற கேள்வி எனக்குள் முழுதாகத் தீரவில்லை. தலையில் பொருத்துவதை இன்னும் கமலா அக்காவிடம்தான் கொடுக்கிறேன்.

புதியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பொட்டு விலகியதை நீங்கள் கண்டால் அது விலகித்தான் இருக்கிறது. ஏன் விலகியது, யாருடைய பிழை, ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் பிறகு. மேசையில் நான் ஒரு சோடியை ஒரு நொடியில் தள்ளுவேன். வீட்டில் அதே கண்ணால் கண்டதை நம்ப எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

ஹனா இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். போன மாதம் மட்டக்களப்பில் அவளைப் பலகையில் உள்ள படங்களை வாசிக்க வைத்தார்கள். வலக் கண்ணால் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். இடக் கண்ணால் வாசித்துக்கொண்டே வந்து, கடைசிக்கு மூன்று வரி மேலே நின்றுவிட்டாள். டொக்டர் மிகவும் நல்லது என்றார். கணவர் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று இறைவனைப் புகழ்ந்தார். நானும் சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் வாசிக்காமல் விட்ட அந்த மூன்று வரிகளையும் ஒருமுறை நின்று பார்த்தேன்.